காலண்டர் ரஞ்சிதம்

சவுரி வாங்குவதாக இருந்தால் வெயிலில் பிடித்துப் பார்த்து வாங்க வேண்டும். கடை நிழலில் எல்லா முடியும் கறுப்பாகத்தான் தெரியும். வெயிலில் பிடித்தால் செம்பட்டை எது, சாயம் எது, ஒரே தலையிலிருந்து வந்தது எது, பத்துத் தலையிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது எது என்று சொல்லிவிடலாம். இந்த ரகசியத்தை இத்தனை வருஷம் வாடிக்கைக்காரர்களிடம் நான் சொன்னதில்லை. இனிமேல் கடை திறக்கப் போவதில்லை என்பதால் உங்களுக்குச் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. வீட்டம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

தண்ணீர் வேண்டாம். ரைட்டர் ஐயா நிதானமாக எழுதட்டும். சித்தூரிலிருந்து புதிதாக வந்தவராம், தமிழில் எழுதக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் மணியம்மை. மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில் சவுரிக் கடை. எனக்கு முன்னால் என் நைனா நடத்தினார். வேண்டுதல்காரர்கள் இறக்குகிற முடியை ஏலத்தில் எடுத்து, அலசி, சிக்கெடுத்து, சவுரியாகக் கட்டி விற்பது எங்கள் தொழில். நைனா துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவார். எதிராளியிடம் இந்த வருஷம் மழை எப்படி என்று வாய் விசாரித்துக்கொண்டிருக்கும். துண்டுக்குள் விரல் அவன் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவள். அதனால் இத்தனை நாள் என் முகத்தைப் பார்த்து நீங்கள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லையே என்று வெட்கப்பட வேண்டாம்.

ரஞ்சிதம் எங்கள் எதிர்வீட்டுப் பெண். என்னைவிட ஒரு வயது சின்னவள். முகம் அழகு. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் முடி அவளுக்கு எலிவால். முடி என்றால் எனக்குத்தான். முழங்காலைத் தொடும். நான் தெருவில் நின்று தலை உலர்த்தினால் வெளியூர் வியாபாரிகள் நைனாவிடம் விலை கேட்பார்கள். "அது விக்கிற சரக்கு இல்லப்பா" என்று அவர் சிரிப்பார்.

எனக்குப் பதினேழு வயதாகும்போது நைனாவுக்குத் தொழில் நொடித்தது. என்னைக் கேட்காமல் என் முடியை முருகனுக்கு வேண்டிக்கொண்டார். எங்கள் பக்கம் அது வழக்கம்தான். வேண்டிக்கொள்கிறவர் யாராக இருந்தாலும், யார் பெயரைச் சொன்னாரோ அவர் கொடுத்தாக வேண்டும். கொடுத்தேன். ஏலத்தில் அந்த முடியை நைனாவே எடுத்தார். ஒரே தலை முடி, அந்த நீளம், இன்னொருவன் கைக்குப் போக விடுவாரா?

அதே மாதம் மெட்ராஸிலிருந்து ஒரு கூந்தல் தைலக் கம்பெனிக்காரர் போட்டோப் பெட்டியோடு வந்தார். நல்ல கூந்தலுள்ள பெண் வேண்டுமாம். நைனா எதிர்வீட்டு முகத்தையும் தன் கடைச் சரக்கையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டினார். ரஞ்சிதத்தின் தலையில் என் முடியை வைத்துப் பின்னியவள் நான்தான். பின்னி முடித்து, மொட்டைத் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு, போட்டோப் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றேன்.

காலண்டர் வந்தது. அதைப் பார்த்துச் சோப்புக் கம்பெனி கூப்பிட்டது, சேலைக் கம்பெனி கூப்பிட்டது, பிறகு சினிமாக் கம்பெனியே கூப்பிட்டது. அவளோடு என் முடியும் மெட்ராஸ் போனது. முதல் படத்தில் கதாநாயகிக்குப் பின்னால் பூக்கூடை தூக்குகிற தோழி. அடுத்ததில் தங்கை. நான்காவது படத்தில் அவளே நாயகி. பாட்டு சுமார்தான். ஆனால் பாடும்போது பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொள்வாள், கொட்டகையில் விசில் பறக்கும். அரக்கோணத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த விசில் யாருக்குச் சேர வேண்டியது என்பது அந்தக் கொட்டகையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

காலண்டரை எங்கள் கடையில் மாட்டியவர் என் வீட்டுக்காரர் துளசிங்கம். வியாபாரத்துக்கு நல்லது என்றார். "இன்னா முடி பாரு. நீயும் கீறியே, தேங்கா நார வெச்சுகினு" என்பார். எனக்கு மறுபடி வளர்ந்தது தோளோடு நின்றுபோனது. அது உன் பெண்டாட்டியின் முடிதானய்யா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் நம்பாவிட்டால் அவமானம், நம்பினால் அதைவிட அவமானம். அவர் காலராவில் போனார். அதை என் பேரில் எழுத வேண்டாம்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸே காலியான வருஷம், ரஞ்சிதம் கைக்குழந்தையோடு ரயிலில் வந்து இறங்கினாள். படத்துக்குப் பணம் போட்டவர்தான் குழந்தைக்கு அப்பா. அவர் தன் மற்ற குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். யுத்தத்தில் பிலிம் கிடைக்காமல் கம்பெனியும் மூடிக் கிடந்தது. ஊரில் அவளைக் காலண்டர் ரஞ்சிதம் என்றார்கள், கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் இளக்காரம். தினமும் என் கடைக்கு வருவாள். அவள் மகள் சந்திரா என் மடியில் உட்கார்ந்துதான் சோறு தின்பாள். அந்த நாலு வருஷம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குச் செரிக்கவில்லை. பிள்ளை பெற்ற பிறகு ரஞ்சிதத்துக்கு முடி அடர்ந்து வளர்ந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே. சொந்த முடி. என்னிடமிருந்து கடன் வாங்கிய ஒன்றைக் கடவுள் அவளுக்குத் தனியாகவும் கொடுத்த மாதிரி.

போன பங்குனியில் பக்தவச்சலம் வந்தார். சினிமாக் கம்பெனி ஏஜெண்டு. "சண்டை முடிஞ்சுது, பிலிம் கிடைக்குது. நீதாம்மா கதாநாயகி. ஆடிக் கிருத்திகை கழிஞ்சதும் வந்து அழைச்சுகினு போறேன்" என்றார். ரஞ்சிதம் அன்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மணிக்கா, நீயும் எங்கூடவே வந்துடேன். ஒன்ன மாரி என் தலைய யாரு பின்னுவாங்க?"

அன்பாகத்தான் சொன்னாள். நான் சிரித்தேன். பூக்கூடையும் நானே தூக்க வேண்டுமா என்று கேட்கவில்லை.

ஆனி மாதம் சந்திராவுக்குச் சளிக்காய்ச்சல் வந்தது. எங்கள் ஊரில் பிள்ளைக்கு உடம்பு சுகமில்லை என்றால் மலைச் சந்தனத்தைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டுவோம். சுவாமிக்குச் சாற்றிய சந்தனம், எல்லா நோய்க்கும் மருந்து. ரஞ்சிதம் பிள்ளையை விட்டு நகர மாட்டாள் என்பதால் நான் தினமும் படியேறிப் போய் வாங்கிவந்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் கூடியது. சந்தனமும் கூடுதலாகக் கொடுத்தோம். வாந்தி கண்டது. இன்னும் கொஞ்சம் கொடுத்தோம். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். சந்தனத்தை யார் சந்தேகப்படுவார்கள்? கடைசியில் பிள்ளை கண்ணைத் திறக்காமல் கிடந்தபோது நான் மலையைப் பார்த்துக் கும்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வேண்டிக்கொண்டேன். பிள்ளை பிழைத்தால் அவள் அம்மாவின் முடி உனக்கு என்று.

மறுநாளிலிருந்து சந்திரா தேறினாள்.

"பூமுடி குடுத்தா ஆகாதா மணிக்கா? மூணு கொத்து மட்டும்?" என்று ரஞ்சிதம் கேட்டாள். பெண்கள் அப்படி மூன்று கொத்து வெட்டிக் கொடுப்பதும் உண்டுதான்.

"முழு முடின்னு சொல்லிட்டேனே ரஞ்சி. இப்ப போய் அவர்கிட்ட கொறச்சுக்கோன்னு பேரம் பேசச் சொல்றியா?"

"பேரம்னா நீதான பேசணும்" என்று சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு, பிள்ளையைவிடப் படம் பெரிதா என்று அவளே தன்னைத் தேற்றிக்கொண்டு கிருத்திகையன்று பொய்கைக் கரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பார்க்காமல் இருந்திருக்கலாம். முடி போன பிறகுதான் அந்த முகம் எப்படிப்பட்டது என்று தெரிந்தது. பூக்காவடி எடுத்து வந்தவர்கள் நடையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். என் மொட்டைக்கு நான் முக்காடு போட்டேன். அவள் போடவில்லை. போட வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

பக்தவச்சலம் வந்து பார்த்துத் திகைத்து நின்றார். சரி, போய்விடுவார் என்று நினைத்தேன். "அதனால இன்னாம்மா? இந்த மூஞ்சிக்கு மொட்டையே அழகாத்தான் கீது. படத்துக்குச் சவுரி வெச்சுக்கலாம்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்கதான சவுரிக் கடை? ஒரே தலை முடியா, நல்ல நீளமா ஒண்ணு கட்டுங்க. அடுத்த வெள்ளிக்கெழம வந்து அழைச்சுகினு போறேன்" என்றார்.

கட்டினேன். என் கையால் அதைவிட நேர்த்தியாக ஒன்றைக் கட்டியதில்லை. கடையிலேயே உட்கார வைத்து ரஞ்சிதத்தின் தலையில் பொருத்திப் பார்த்தேன். சாமிக்குக் கொடுத்த தலையில் வேறு முடி வைக்கலாமா என்று தயங்கினாள். தாராளமாக வைத்துக்கொள் என்றேன். சந்திரா கைதட்டினாள். "ஐ, அம்மா காலண்டர் மாரியே கீறாங்க" என்றாள்.

பிள்ளைதானே, தெரியாமல் சொன்னது. ஆனால் அந்த வார்த்தையை நான் பன்னிரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே பிள்ளைக்குத் தொண்டை கரகரத்தது. ஒன்றுமில்லாத கரகரப்பு. முன்பு குணமானது நினைவில் இருந்ததால் ரஞ்சிதமே என்னிடம் சந்தனம் கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தேன். அவள் தன் கையால் கரைத்துப் புகட்டினாள். வெள்ளிக்கிழமை காலையில், பக்தவச்சலம் வண்டியோடு வந்து நின்றபோது, வீட்டில் பிள்ளையைக் கிடத்தியிருந்தார்கள்.

மீதியை நீங்களே விசாரித்து வைத்திருக்கிறீர்கள். ரஞ்சிதம் சவுரியைத் தெருவில் வீசிவிட்டு, "நாந்தான் கொன்னேன், நாந்தான் என் கொயந்தைய கொன்னுட்டேன்" என்று கத்தியதைத் தெருவே கேட்டது. சாமிக்குக் கொடுத்த தலையில் சவுரி வைத்ததைத்தான் அவள் சொன்னாள். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரி டாக்டர் வயிற்றில் ஏதோ இருந்தது என்றார். கிண்ணம் அவள் கையில் இருந்தது. சினிமாவுக்குப் போகக் குழந்தை இடைஞ்சல் என்று நீங்கள் முடிவு கட்டி, அவளைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். உங்கள் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஆனால் அவள் செய்யவில்லை. ரைட்டர் ஐயா, இதைப் புது வரியில் எழுதுங்கள். மலையில் கொடுத்தது சுத்தமான சந்தனம். படியிறங்கி வருகிற வழியில் அதில் சேர்த்தவள் நான். ஆனியில் அளவாகச் சேர்த்தேன், வேண்டிக்கொண்ட அன்றோடு நிறுத்தினேன். இரண்டாம் முறை நிறுத்தவில்லை. என்ன சேர்த்தேன் என்பதை ஐயாவிடம் தனியாகச் சொல்கிறேன். எழுதினால் நாலு பேர் படிப்பார்கள்.

பிள்ளை மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அது என் மடியில் சோறு தின்ற பிள்ளை. அவள் அம்மா ரயிலேறக் கூடாது, எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது. விலை நினைத்ததைவிடக் கூடிப்போயிற்று. ஒரு பேரத்தில் இறங்கிவிட்டால் சில சமயம் அப்படி ஆவதுண்டு.

இப்போது எதற்காக வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். நியாயத்துக்காகத்தான். நேற்று மெட்ராஸ் பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் ரஞ்சிதத்தின் படம், பிரபல நட்சத்திரம் என்று கொட்டை எழுத்து. உள்ளே ஒரே ஒரு வரி, பக்கத்துக் கடைப் பெண் ஒருத்தி சந்தனம் வாங்கி வந்தாள் என்று. பெயர் கூடப் போடவில்லை. திட்டம் போட்டது நான், மலையேறி இறங்கியது நான், இவ்வளவையும் செய்து முடித்தது நான். அதுவும் அவள் பெயரில் போவது முறையா? பொறாமையில் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அந்தக் குணமே கிடையாது, தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

சொல்ல வேண்டியது முடிந்தது, கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஒரு சின்ன உபகாரம் மட்டும். வாசலில் பத்திரிகைக்காரர்கள் நிற்கிறார்கள். ரஞ்சிதத்தை நீங்கள் விடத்தான் வேண்டும், அவள் பாவம். ஆனால் அவர்கள் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, என்னை ஒரு படம் பிடித்து முடிக்கிற வரைக்கும் அவளை உள்ளேயே உட்கார வையுங்கள். அவள் வெளியே வந்துவிட்டால் என்னை யாரும் பார்க்க மாட்டார்கள்.