டெல்லிக் குளிருக்கான முன்னேற்பாடுகள்

2025 ஜனவரி 9, வியாழக்கிழமை காலை, வேலூரிலிருந்து அமிர்திக்கு வந்த பேருந்தில் என் பெயருக்கு இரண்டு ஜோடி கம்பளி உள்ளாடைகள் வந்து சேர்ந்தன.

பொட்டலத்தை இறக்கிக் கொடுத்த நடத்துநர், "இன்னா சார், எருமைக்குச் சட்டை தச்சிருக்கீங்களா, இவ்ளோ கனம்?" என்றார். டெல்லிக்கு என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்காதவர்களிடமும் டெல்லியைப் பற்றிச் சொல்வது அந்த நாட்களில் என் வழக்கம் என்பதால், வண்டி கிளம்பும்வரை சொன்னேன்.

மலையூர்களின் தலைவர் நாட்டார் கண்ணாயிரம் அவர்களே, நீங்களும் பங்காளிகளும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. என் அண்ணன் சடையன் இறந்த சேதி எந்தத் தேதியில் என் காதில் விழுந்தது? அந்த நாளிலிருந்து தீட்டை எண்ணிக் கருமாதிக்கு நாள் வைக்க வேண்டும். "வாயால சொன்னா நாளைக்கு மாத்திப் பேசுவீங்க வாத்தியாரே, எழுதிக் குடுத்துடுங்க" என்றீர்கள். எழுதுகிறேன். கேள்வி சிறியது, பதில் நீளம். முப்பது வருடம் வகுப்பில் நின்று பேசியவனின் குறை அது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் புவியியல் ஆசிரியன். இமயத்தில் பனி எப்படி உறைகிறது, டெல்லியில் மூடுபனி ஏன் இறங்குகிறது என்று முப்பது வருடம் பலகையில் படம் போட்டவன். என் கால் திருப்பதிக்கு வடக்கே பட்டதில்லை. பார்க்காத ஊரைப் பற்றி இத்தனை உறுதியாகப் பேசிச் சம்பளம் வாங்கியதில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. ஓய்வு பெறுவதற்குள் ஒரு முறை குளிர்காலத்து டெல்லியில் நான்கு நாள் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்காக ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். நாற்பது பக்கம். எந்த மணிக்கு எந்த இடம், எந்த வாசல் வழியாக நுழைவது, எங்கே டீ குடிப்பது எல்லாம் அதில் இருந்தது. என் மனைவி அம்சவல்லி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஊரைப் பாக்கப் போறமா, புடிக்கப் போறமா?" என்று கேட்டாள். குளிருக்கு உடம்பைப் பழக்க, ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு மேசை விசிறியின் முன் அரை மணி நேரம் உட்காருவேன். முதல் நாளே தும்மல் பிடித்தது. டெல்லிக்கு முன்பே டெல்லியை வென்றவன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் அண்ணன் ஒரு சிப்பம் சாமையோடு மலையிறங்கி வந்தபோது நான் அந்தக் கோலத்தில்தான் இருந்தேன். கதவருகே நின்று வெகுநேரம் பார்த்தார்.

"குளிரு வேணும்னா டெல்லிக்கு ஏன்டா போற தம்பி? மார்கழில என் வூட்ல வந்து ரெண்டு நாள் படு. பல்லு தானா தாளம் போடும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமல் நெடுநேரம் அடங்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் 'இடையூறுகள்' என்று ஒரு பக்கம் இருந்தது. முதலில் மூடுபனி, அடுத்து ரயில் தாமதம். அன்று மாலை மூன்றாவதாக 'அண்ணன் இருமல்' என்று எழுதினேன். பயணத் திட்டம் என்றால் எதையும் விட்டுவிடக் கூடாது.

அவரைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும். அப்பா இறந்த வருடம், நெல்லிவாசல்நாட்டிலிருந்து என்னைத் தோளில் உட்கார வைத்து மலையிறங்கி விடுதியில் சேர்த்தவர் அவர். அவருக்கு அப்போது பதினாறு வயது. பிறகு மலைக்குத் திரும்பிப்போய் சாமை விதைத்தார்.

இருமலை நான் ஏன் குறித்துக்கொண்டேன் என்பது உங்களுக்குப் புரியும். எழுத்து முழுமையாக இருக்கட்டும் என்பதற்காக, உங்களுக்குத் தெரிந்த முறையையே இங்கே சொல்கிறேன். பங்காளி இறந்தால் பதினாறு நாள் மலையையும் அடிவாரத்தையும் தாண்டிப் போகக் கூடாது. அந்த நாட்கள் இறப்பிலிருந்து அல்ல, சேதி காதில் விழுந்த பொழுதிலிருந்து எண்ணப்படும். சேதியை நேரில் ஆள் வந்து சொல்ல வேண்டும். சாவுச் சேதி கொண்டுவருபவர் எந்த வீட்டிலும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

2022 டிசம்பரில் டிக்கெட் கையில் இருந்தது. சித்தப்பா இறந்தார். சேதி கொண்டுவந்த சின்னராஜ் பாதி மலையை நடந்தே இறங்கி, உதடு வெடித்து நின்றார். சொம்பை நீட்டினேன், தலையை ஆட்டினார். அவர் வாயைத் திறக்கும் முன்பே டெல்லி போய்விட்டது. 2023 டிசம்பரில் பெரியப்பா மகன். வேறு ஆள், அதே சொம்பு, அதே தலையாட்டல். மொட்டைத் தலையோடு பள்ளிக்குப் போய் மேற்கத்திய இடையூறுகள் என்ற பாடத்தை நடத்தினேன். காற்றழுத்தத்தைப் பற்றிய பாடம்தான். எனக்கு மட்டும் வேறு பொருளில் பட்டது.

மூன்றாவது முறை பொங்கல் விடுமுறை. ஜனவரி 13 திங்கள் காலை காட்பாடியில் ரயில். இருபதாம் தேதி திரும்புவது. இம்முறை முறையைப் படித்தவன் என்ற முறையில் அதை நன்றாக யோசித்தேன். காதில் விழுந்தால்தானே தீட்டு? வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே கைபேசியை அணைத்து அரிசி டப்பாவில் வைத்துவிட்டேன். அண்ணன் ஊரில் கைபேசியில் பேச வேண்டுமானால் சிக்னலுக்காகப் பாறைமேல் ஏற வேண்டும். ஏறிப் பேசினாலும் எனக்குக் கேட்காது.

ஞாயிறு நண்பகல், அம்சவல்லி கோழிகளைத் தன் அக்கா வீட்டில் விடக் கண்ணமங்கலம் போயிருந்தாள். நான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஸ்வெட்டர், தலையில் காதை மூடும் குரங்குக் குல்லா. வெளியே நல்ல வெயில். வியர்வை முதுகில் ஓடியது. கேட் திறக்கும் சத்தம் கேட்டு அப்படியே வெளியே வந்தேன்.

பூபாலன் நின்றிருந்தான். அண்ணனுக்குப் பக்கத்து வீடு, எனக்கு மாப்பிள்ளை முறை. விடியும் முன் கிளம்பி, நடந்து, ஜீப் பிடித்து, இரண்டு பேருந்து மாறி வந்திருந்தான். முகத்தைப் பார்த்ததுமே விஷயம் அண்ணனைப் பற்றியது என்று தெரிந்தது. தண்ணீர் கொடுத்தேன். வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது என் வீட்டில் இன்றும் உண்டு.

"மாமா, பெரிய மாமாவுக்கு..." என்று ஆரம்பித்தான்.

"ஒண்ணும் சொல்லாத மாப்ள. எதுவானாலும் இருபதாந் தேதி வந்து சொல்லு."

"இருபதா? இன்னா மாமா பேசறீங்க? நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க..."

குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். அவன் வாய் அசைவது தெரிந்தது, சொல் வரவில்லை. வெயிலில் கம்பளிக்குள் காதைப் பொத்திக்கொண்டு நிற்கும் ஐம்பத்தைந்து வயது ஆசிரியனை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பைத்தியம் என்று நினைத்திருக்கலாம். பிறகு கேட்டைச் சாத்திவிட்டுப் போனான். பொறுமையான பிள்ளை. சாயங்காலம் அம்சவல்லி வந்து, "வாசல்ல சொம்பு கெடக்குதே, யாரு வந்தது?" என்று கேட்டாள். வழி கேட்டு யாரோ வந்தார்கள் என்றேன்.

டெல்லியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு நாளும் மூடுபனி. இந்தியா கேட்டில் ஒரு கால் மட்டும் தெரிந்தது, அதையும் அம்சவல்லிதான் முதலில் பார்த்தாள். நாற்பது பக்கத்தில் 'மூடுபனி இருந்தால்' என்ற பத்தி மட்டும் பயன்பட்டது. அறையில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தேன். குடித்தோம். குளிர் அவ்வளவாகத் தெரியவில்லை. உள்ளாடை தரமானது.

இருபதாம் தேதி காட்பாடியில் இறங்கியபோது, அமிர்திப் பேருந்து நடத்துநரிடம் எங்கள் ரயிலை விசாரித்துக்கொண்டு வந்து பூபாலன் நடைமேடையில் காத்திருந்தான். அண்ணன் பதினாறாம் தேதி காலை இறந்தார் என்று சொன்னான். அம்சவல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான் பிளாஸ்க்கில் இருந்த தண்ணீரை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினான்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: 2025 ஜனவரி 20. பதினாறாம் நாள் பிப்ரவரி 4. பூபாலன் என் வாசலுக்கு வந்த பன்னிரண்டாம் தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்று சில பங்காளிகள் சொல்வது தவறு. அன்று அண்ணன் உயிரோடு இருந்தார், இல்லாத சாவுக்குத் தீட்டு இல்லை. கணக்கில் பிழை கிடையாது.

பூபாலன் உங்கள் முன்னால் சொன்னதையும் சேர்க்கிறேன், மறைத்தேன் என்று வரக் கூடாது. பத்தாம் தேதியிலிருந்து அண்ணனுக்குக் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. ஊர்க்காரர்கள் டோலி கட்டி ஜீப் வரும் இடத்துக்குத் தூக்கிப் போகத் தயாராக இருந்தார்கள். அவர் ஏறவில்லை. "தம்பி வரட்டும். ஆஸ்பத்திரில இன்னா கேப்பாங்க, இன்னா சொல்லணும்னு அவனுக்குத்தான் தெரியும்" என்றார். பூபாலன் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போய், என்ன சொல்வதென்று தெரியாமல், "மாமா இருபதாந் தேதி வர்றாராம்" என்று சொல்லியிருக்கிறான். "அப்ப சரி, இருபதாந் தேதியே போலாம்" என்றாராம் அண்ணன். அதற்குப் பிறகு டோலியைப் பற்றி யார் பேசினாலும் கோபப்பட்டாராம். பன்னிரண்டாம் தேதியே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரிச் செவிலியர் கலைவாணி சொன்னதையும் கேட்டேன்.

என் தரப்பு ஒன்றுதான். பூபாலன் சாவுச் சேதியோடு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். இறந்துவிட்டவருக்கு நான் எட்டு நாள் கழித்துப் போனால் என்ன குறைந்துவிடும்? இதை ரயிலிலிருந்து இறங்கிய அன்றே அம்சவல்லியிடம் சொன்னேன். நியாயமாகவே சொன்னேன். அவள் தன் துணிகளைப் பையில் எடுத்து வைத்தாள். பிறகு, "வாசல்ல கெடந்த சொம்பு காலியா இருந்துச்சே" என்றாள். அன்றே கண்ணமங்கலத்துக்குப் போய்விட்டாள். கோழிகளும் அங்கேதான் இருக்கின்றன.

அவளுக்குச் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன், நீங்கள் எழுதச் சொன்னதால். பன்னிரண்டாம் தேதி நண்பகல் நான் சொம்பை நீட்டியபோது பூபாலன் இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து, முழுவதும் குடித்தான். இன்னொரு சொம்பு கேட்டான். உள்ளே போய்க் கொண்டுவந்து கொடுத்தேன். அதையும் அவன் குடித்து முடித்த பிறகுதான் குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்தேன்.