பதினொரு மணி வெயில்

சாட்சியின் பெயரும் முகவரியும் அவர் கேட்டுக்கொண்டபடி தனித்தாளில் எழுதி உறையில் வைக்கப்பட்டுள்ளன. வயது இருபத்தாறு. மணமாகாதவர். வீட்டு நிலங்களில் பரவும் அந்நியக் களைச்செடிகளை அகற்றிக் கொடுக்கும் நிறுவனமொன்றில் மூன்று ஆண்டுகளாகக் கள ஆய்வாளர். அழைக்கப்படாமல் தானாகவே காவல் நிலையத்துக்கு வந்து அவர் சொன்னதாவது:

சென்ற மாதம் பதினான்காம் தேதி இதே மேசைக்கு முன்னால் உட்கார்ந்து நான் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். வந்த நேரம், செடிகளின் எண்ணிக்கை, யார் எங்கே நின்றார்கள் என்பதெல்லாம் அதில் சரியாகவே இருக்கிறது. அந்தச் செடியின் சாறு என்ன செய்யும் என்பது வீட்டுக்காரம்மாவுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது என்றேன். அவருக்குத் தெரியும் என்பதை அன்று நான் சொல்லவில்லை. அவருக்குச் சொன்னதே நான்தான் என்பதையும் சொல்லவில்லை.

சென்ற மாதம் எட்டாம் தேதி மாலை மூன்று மணிக்கு நான் அந்த வீட்டுக்கு முதல் ஆய்வுக்காகத் தனியாகப் போனேன். முன்புறம் மாடி வீடு. அதில் வீட்டுக்காரம்மா இருக்கிறார், வயது அறுபது இருக்கும், கணவர் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. பின்புறம் தகரக்கூரை போட்ட ஒற்றை அறை. அதில் அந்தக் கணவரின் தங்கை இருக்கிறார். அவரை இதில் நாத்தனார் என்றே குறிப்பிடுகிறேன். தையற்கடைகளுக்குப் பொத்தான் துளை கட்டுவதும் பூவேலை செய்வதும் அவருடைய தொழில். சன்னலோரம் மேசை, அதன்மேல் நூற்கண்டுகள் நிற வரிசைப்படி அடுக்கியிருந்தன. ஐம்பத்திரண்டு வயதிலும் கண்ணாடி போடாமல் மிக மெல்லிய ஊசியில் நூல் கோப்பேன் என்று அவராகவே சொல்லி, கோத்தும் காட்டினார்.

அந்த அறைக்கும் கால்வாய்ச் சுவருக்கும் இடையில் செடிகள் நின்றன. முப்பத்து நான்கு. பல செடிகள் என்னைவிட ஒன்றரை மடங்கு உயரம். தண்டு மணிக்கட்டுப் பருமன், அதில் ஊதாத் திட்டுகள், விறைத்த மயிர்கள், உச்சியில் குடை விரித்தாற்போல வெள்ளைப் பூ. நாத்தனார்தான் நான்கு ஆண்டுகளுக்கு முன் கால்வாய்க்கரையில் பார்த்த விதைக்கொத்தைக் கொண்டுவந்து தூவியிருக்கிறார். வெள்ளைக்குடை என்று பேரும் வைத்திருக்கிறார். நான் எண்ணிக்கொண்டிருந்தபோது சன்னல் வழியாக, "எத்தன தேறுச்சும்மா? எங்கண்ணி என்னையும் சேத்துத்தானே எண்ணச் சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டார். நான் சிரித்தேன்.

எங்கள் நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் செடியின் பெயரையோ அதன் கெடுதலையோ அந்த இடத்தில் யாரிடமும் சொல்லக்கூடாது. நான் சேர்வதற்கு முன்பு ஒரு வீட்டுக்காரர் விவரம் கேட்டுக்கொண்டு, பிறகு தானே வெட்டி, காயப்பட்டு, நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டாராம். அதிலிருந்து வந்த விதி. எங்கள் மேற்பார்வையாளரை நாங்கள் ரூல்தடி என்போம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் சொன்னது, "கையெழுத்து விழற வரைக்கும் அது செடி. அதுக்கப்புறம்தான் அதுக்குப் பேரு."

அன்று மாலை அந்த விதியை நான் மீறினேன். வீட்டுக்காரம்மா என்னைக் கூடத்தில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். செடிகளைப் பற்றி நான் நிறையப் படிப்பவள். அதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்பதில்லை. அவர் கேட்டார். சாறு தண்ணீர் மாதிரி இருக்கும், மணமோ எரிச்சலோ இல்லை என்றேன். அப்படியானால் கெடுதல் என்ன என்றார். சாறு பட்ட தோலில் வெயில் படவேண்டும், பட்டால் ஓரிரு நாளில் வெந்நீர் கொட்டியதுபோலக் கொப்புளம் போடும், கண்ணில் பட்டிருந்தால் பார்வையே போகக்கூடும் என்றேன். எவ்வளவு நேர வெயில் என்று கேட்டார். கால் மணி நேரம் போதும் என்றேன். உடனே சோப்புப் போட்டுக் கழுவி இரண்டு நாள் வெயில் படாமல் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம் என்றும் சொன்னேன். அதன் பிறகு அவர், "அப்ப மேகமா இருக்கறப்ப வெட்டினா, வெட்டறவங்களுக்கே தெரியாது" என்றார். சரியாகப் புரிந்துகொண்டீர்கள் என்று பாராட்டினேன்.

அதன் பிறகு இன்னொரு தேநீர் வந்தது. நான் சன்னல் வழியே பின்னறையைப் பார்ப்பதைக் கண்டு, தன் கணவரைப் பற்றிச் சொன்னார். "இருபத்தெட்டு வருஷம். சட்டையில ஒரு பொத்தான் பிஞ்சாக்கூட நேரா அங்கதான் போவாரு. எனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாதாம்." இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். மறுநாள் காலை ஆட்களோடு வருகிறோம், கையெழுத்துப் போட்டதும் வேலை தொடங்கும் என்று சொல்லிவிட்டு நான் புறப்பட்டேன்.

மறுநாள் ஒன்பதாம் தேதி வானம் முழுவதும் மேகம். காலை ஒன்பது நாற்பதுக்கு மேற்பார்வையாளரும் இரண்டு வேலையாட்களும் நானும் போய்ச் சேர்ந்தோம். தெருவில் வண்டியை நிறுத்தி, உடல் முழுவதும் மூடும் ரப்பர் உடை, முழங்கைவரை உறை, முகக்கவசம் எல்லாம் அணிந்துகொண்டு பக்கவழியாகப் பின்புறம் போனோம். அங்கே நாத்தனார் வெட்டுக்கத்தியால் செடிகளை வெட்டிக்கொண்டிருந்தார். பாதிக்குமேல் விழுந்திருந்தன. முழங்கைக்குமேல் துணியை மடித்துவிட்டிருந்தார். கையுறை இல்லை. விழுந்த தண்டுகள் கனமானவை என்பதால் ஒவ்வொன்றையும் குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துச் சுவரோரம் கொண்டுபோய்ப் போட்டார். வெட்டுவாயிலிருந்து சாறு அவர் கழுத்திலும் கைகளிலும் வழிந்தது.

வீட்டுக்காரம்மா பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துவைத்த போர்வைகள் நிறைந்த இரண்டு வாளிகள் இருந்தன. எங்களைப் பார்த்து, "அவ நட்டது, அவளே வெட்டணும்னு ஆசப்பட்டா. முடிக்கட்டும், அப்புறமா கையெழுத்துப் போடறேன்" என்றார். நாத்தனார் வேலையை நிறுத்தாமல், "ஆசயா? விடியறதுக்குள்ள கதவத் தட்டி கத்தியக் கையில குடுத்தது யாரு அண்ணி?" என்றார். அதன் பிறகு எங்கள் உடைகளைப் பார்த்து, "என்னம்மா, எல்லாரும் நிலாவுக்குக் கெளம்பிட்டீங்களா?" என்றார். வேலையாட்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரம்மாவும் சிரித்தார்.

நான் மேற்பார்வையாளரைத் தனியே அழைத்து, இவரை நிறுத்தவேண்டும் என்றேன். கையெழுத்து ஆகவில்லை, இப்போது வாயைத் திறந்தால் எல்லாம் நம் தலையில் விழும் என்றார். "நீ டேப்பப் புடி" என்றார். நான் டேப்பைப் பிடித்தேன். அளந்துகொண்டே நாத்தனார் பக்கம் போனபோது, கையைக் கழுவிவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. முடித்துவிட்டு ஒரேடியாகக் குளித்துவிடுகிறேன் என்று சொல்லி, கண்ணில் இறங்கிய வியர்வையை முன்கையால் துடைத்தார். முதலில் வலது கண்ணை, பிறகு இடது கண்ணை.

பத்து ஐம்பதுக்குக் கடைசிச் செடி விழுந்தது. நாத்தனார் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் குழாயை நோக்கி நடந்தார். அப்போது மேகம் விலகி, சுவரின் நிழல் தரையில் விழுந்தது. வேலை நடக்கும் இடத்தில் வெயில் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் தாளில் குறிப்பது எங்கள் வழக்கம். பத்து ஐம்பத்தைந்து என்று குறித்தேன். அந்தத் தாளை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

வீட்டுக்காரம்மா நாற்காலியை விட்டு எழுந்து, "குளிக்கறது எங்க ஓடிடப்போகுது? மொதல்ல இந்தப் போர்வையெல்லாம் மாடில காயப்போட்டுட்டு வா" என்றார். நாத்தனார் திரும்பிவந்து வாளிகளைப் பார்த்தார். "காலையிலேர்ந்து இங்கயேதான் கெடக்குது. வெயிலுக்காகவா காத்துட்டு இருந்தீங்க அண்ணி?"

"ஆமா."

நாத்தனார் கைக்கொன்றாக வாளிகளைத் தூக்கிக்கொண்டு வெளிப்படிக்கட்டில் மொட்டை மாடிக்கு ஏறினார். நான் கீழே நின்று பார்த்தேன். ஆறு போர்வைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி, முகத்தை நிமிர்த்தி, கிளிப்புகளைப் பல்லில் கடித்துக்கொண்டு கொடியில் போட்டார். என் முகக்கவசத்தைத் தூக்கினால்தான் குரல் மாடிவரை கேட்கும். நான் தூக்கவில்லை. ஆறும் போட்டு முடிந்ததும் வீட்டுக்காரம்மா கீழேயிருந்து, மூன்றாவது போர்வை ஒருபக்கம் தொங்குகிறது, எல்லாவற்றையும் இழுத்து ஒரே அளவாக விடு என்றார். மாடியில் மறுபடி முதலிலிருந்து இழுக்கும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு வீட்டுக்காரம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். மாடியைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "கால் மணி நேரம்னுதானே சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையசைத்தேன்.

அதன் பிறகு அவர் மேற்பார்வையாளரிடம் ஒப்பந்தத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நாத்தனார் காலி வாளிகளோடு இறங்கிவந்தபோது பதினொன்று பதினேழு. கையெழுத்து ஆகிவிட்டதால் மேற்பார்வையாளர் விதிப்படி எச்சரிக்கைத் தாளை எடுத்து, செடியின் பெயரையும் சாறு என்ன செய்யும் என்பதையும் உரக்க வாசித்தார். சாறு பட்டிருந்தால் உடனே கழுவவேண்டும், வெயிலில் போகக்கூடாது என்ற வரியும் அதில் இருந்தது. நாத்தனார் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்து, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். வீட்டுக்காரம்மா, "நமக்கு என்ன தெரியும்? இவங்கதானே படிச்சவங்க" என்றார்.

அன்று ஒன்றும் தெரியவில்லை. பத்தாம் தேதி தோல் சிவந்ததாகவும், பதினொன்றாம் தேதி கொப்புளங்களோடு மருத்துவமனையில் சேர்த்ததாகவும் பிறகு கேள்விப்பட்டேன். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரிகிறது. மருத்துவர் சான்று உங்களிடம் இருக்கிறது.

பதினான்காம் தேதி நான் பொய் சொன்னது மேற்பார்வையாளர் சொல்லிக்கொடுத்ததால் அல்ல. வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும் என்று சொன்னால், அவர் என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வியையும் சொல்லவேண்டியிருக்கும். நான் தலையசைத்ததையும் சொல்லவேண்டியிருக்கும்.

மண்ணில் விழுந்த விதைகள் பல ஆண்டுகள் முளைக்கும் என்பதால் நாங்கள் திரும்பப் போய்ப் பார்ப்பது ஒப்பந்தத்தில் உள்ளது. நேற்றுக் காலை நான் போனேன். பதினொரு நாற்றுகள் முளைத்திருந்தன. அவற்றைத் தோண்டிக்கொண்டிருந்தபோது பின்னறைச் சன்னல் திறந்திருந்தது. நாத்தனார் அதே மேசையில், ஒரு கையில் ஊசியும் மறு கையில் நூலுமாக உட்கார்ந்திருந்தார். முன்கைகள் இரண்டிலும் பழுப்புத் தழும்பு. வீட்டுக்காரம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உதவவில்லை.

"கோத்துட்டியா?"

"இன்னும் இல்ல அண்ணி."

நான் அங்கிருந்த நேரத்தில் இந்தக் கேள்வி ஏழு முறை கேட்கப்பட்டது. ஏழு முறையும் அதே பதில். நூற்கண்டுகளின் நிற வரிசை கலைந்திருந்தது. அதன் பிறகு நான் வீட்டுக்குப் போய், இன்று காலை இங்கே வந்தேன்.

இதில் உள்ளவை நான் கண்டதும் கேட்டதும் சொன்னதும் சொல்லாமல் விட்டதும் ஆகும். எழுதியதை நானே வாசித்து இரண்டு இடங்களில் திருத்தினேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. இது உண்மை என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)

பதிவு செய்த அதிகாரியின் குறிப்பு: மேற்கண்ட வாக்குமூலம் பதிவான எட்டாம் நாள், பாதிக்கப்பட்டவர் நிலையத்துக்கு வரவழைக்கப்பட்டார். அவருடைய அண்ணி கைப்பிடித்து அழைத்துவந்தார். வாக்குமூலம் முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது. வாளிகளைப் பற்றிய பகுதியை இன்னொரு முறை வாசிக்கக் கேட்டார். அதன் பிறகு, மாடிக்குத் தன் விருப்பத்தில் போனதாகவும், யார்மீதும் புகார் இல்லை என்றும், தனக்கு இருக்க வேறு இடம் இல்லை என்றும் கூறினார். கடைசியில் சொன்னது கேள்விக்குத் தொடர்பில்லாதது என்பதால் அவருடைய வாக்குமூலத்தில் சேர்க்கப்படவில்லை. எழுதப்படிக்கத் தெரிந்தவர் என்றாலும் கையெழுத்திடும் கோடு கண்ணுக்குத் தெரியாததால் கைநாட்டுப் பெறப்பட்டது. அவருடைய பெருவிரலைப் பிடித்து மையில் வைத்துத் தாளில் பதித்தவர் அவருடைய அண்ணி. இருவரும் ஒன்றாக வீட்டுக்குச் சென்றனர்.