நாலாவது மூங்கில்

ஐயோ சார், அதைத் தொடாதீங்க! மத்த மூணையும் நல்லா ஆட்டிப் பாருங்க, ஆடும், நானே ஒத்துக்கறேன். அந்தச் சாக்குக்குப் பின்னாடி இருக்கே, நாலாவது மூங்கில், அதை மட்டும் விட்டுடுங்க. ஏன்னா… ஏன்னு அப்புறம் சொல்றேன். முதல்ல இப்படி முருங்கை நெழலுக்கு வாங்க. கத்திரி வெயில்ல சைக்கிள் மிதிச்சு வந்திருக்கீங்க, சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்கு. மோர் கொண்டு வரட்டுமா? வேண்டாமா? சரிதான், நோட்டீஸ் குடுத்த வீட்டுல மோர் குடிக்கக் கூடாதுன்னு இருக்கும். பானைத் தண்ணியாவது? அதுவும் வேண்டாமா. வெட்டிவேர் போட்டது சார். சரி, உங்க இஷ்டம்.

குவார்ட்டர்ஸ் இன்ஸ்பெக்டர் ரெங்கராஜ் நீங்கதானே? நோட்டீஸ்ல கையெழுத்தைப் பார்த்தேன். ரெண்டாவது எழுத்துலேயே ஒரு கோடு இழுத்து விட்டிருந்தீங்க, ரயில் போற மாதிரி. வந்துச்சு சார், போன வெள்ளிக்கிழமையே வந்துச்சு. இங்கிலீஷ்ல இருந்தா என்ன, நான் கான்வென்ட்ல பத்து வருஷம் படிச்சவ, ஒரு வார்த்தை விடாம புரிஞ்சுது. அனுமதியில்லாம கட்டின கட்டடத்தை ஏழு நாளுக்குள்ள அப்புறப்படுத்தணும். கட்டடம்னு படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கோவிச்சுக்காதீங்க. நாலு மூங்கிலு, எட்டுக் கீத்து, ரெண்டு பழைய சாக்கு. அதைப் போயி கட்டடம்னு போட்டிருக்கீங்க. கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு சார், இந்தக் கையால ஒரு கட்டடம்!

இல்ல, வீட்டுக்காரருகிட்ட காட்டல. அவரு சவரிராயன், பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்புல ஃபிட்டரு, அதான் உங்க லிஸ்ட்டுலேயே இருக்குமே. இந்தக் குவார்ட்டர்ஸ் கைக்கு வர்றதுக்கு நாலு வருஷம் காத்துக்கிட்டிருந்தவரு. நோட்டீஸைப் பார்த்தா அன்னைக்கு ராத்திரியே எல்லாத்தையும் பிடுங்கி அடுப்புல வெச்சுடுவாரு. அதனால செபப் புத்தகத்துக்குள்ள ஒளிச்சு வெச்சேன். வாரம் பூரா அவரு அந்தப் பக்கமே போக மாட்டாரு. ஞாயித்துக்கிழமை பூசையில மட்டும் என் புத்தகத்தை எட்டி எட்டிப் பார்ப்பாரு, அதனால அன்னைக்கு ஒரு நாள் நோட்டீஸு அரிசிப் பானைக்குப் போயிடுச்சு.

சிரிக்கிறேனா? காலையிலேர்ந்தே இப்படித்தான் சார், நிறுத்த முடியல. பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் அக்கா சுவத்துக்கு மேல எட்டிப் பார்த்து, என்னடி, கள்ளுக் குடிச்சவ மாதிரி நிக்கறேன்னு கேட்டாங்க. ஒண்ணுமில்லக்கான்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு அதுக்கும் சிரிச்சேன்.

உங்களைப் பார்த்தா பயமாத்தான் இருக்கு, அது வேற விஷயம். நான் ரொம்பப் பயந்தவ. கதவைத் தட்டினா பயம், தபால்காரரைப் பார்த்தா பயம். பயம் வந்துட்டா பேச ஆரம்பிச்சுடுவேன். ஸ்கூல்ல சிஸ்டர் இதுக்காகவே என்னைக் கடைசி பெஞ்சுல உக்கார வெச்சாங்க. அங்கேயும் பேசினேன்.

எதுக்குப் போட்டேன்னா… செடிக்குத்தான் சார். ரோஜா. ஒம்பது தொட்டி இருக்கு பாருங்க. இது மே மாசம், எங்களுக்கு மாதா மாசம். தினமும் ஒரு பூ, நானே வளர்த்த பூ, கோயில் வாசல்ல குகை மாதிரி கட்டியிருக்கற மாதா கெபியில கொண்டு போய் வெக்கறதா நேர்ந்துக்கிட்டிருக்கேன். முப்பத்தோரு நாளும். ஒரு நாள் தவறக் கூடாது. கடையில வாங்கின பூவும் ஆகாது. எதுக்கு நேர்ந்துக்கிட்டேன்னு கேக்காதீங்க, இப்பச் சொல்ல மாட்டேன்.

ஆனா இந்த ஊரு வெயிலு உங்களுக்குத் தெரியாததா? மே மாசம் மூணாம் தேதியே மொட்டெல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டு போச்சு. எனக்கு ஸ்கூல்ல தையலுக்குப் பரிசு குடுத்த புத்தகம் ஒண்ணு இருக்கு, சீமையில அச்சடிச்ச தோட்டப் புத்தகம். எடுத்துப் பார்த்தேன். ரோஜாவுக்கு எவ்வளவு வெயில் கிடைக்குமோ அவ்வளவும் குடுங்கன்னு போட்டிருக்கு! அதை எழுதின அம்மாவைக் கூட்டிட்டு வந்து ஒரே ஒரு நாள் இந்த வாசல்ல நிக்க வெக்கணும் சார்.

முதல்ல என் பழைய சேலையைக் கட்டினேன். சாயங்காலக் காத்துல அது பிச்சுக்கிட்டுப் போயி எதிர் வரிசை வீட்டு ஓட்டுமேல விழுந்துச்சு. அந்த வீட்டு ஐயா கம்பால எடுத்து, உலகத்துக்கே தெரியற மாதிரி தூக்கிப் பிடிச்சுக்கிட்டு கொண்டு வந்து குடுத்தாரு. அப்புறம் மேல சாக்கைப் போட்டேன். வெளிச்சமே இல்லாம இலையெல்லாம் மஞ்சளாப் போச்சு. அப்பத்தான் புரிஞ்சுது, செடிக்கு இருட்டும் ஆகாது, வெயிலும் ஆகாது. காலை வெயில் வேணும், மத்தியான வெயில்தான் வேண்டாம். அதான் கீத்தை நெருக்கிப் போடாம, நாலு விரக்கடை இடம் விட்டு விட்டுப் போட்டிருக்கேன். மேல பாருங்க, சல்லடை மாதிரி வெயில் விழுது. கிழக்கால திறந்து விட்டிருக்கேன். மேற்கால மட்டும், அதோ நம்ம முன்னாடி தொங்குதே, சாக்கு. மணிக்கொரு தரம் தண்ணி தெளிச்சு விடுவேன். அதையும் தரை வரைக்கும் விடல, காத்து உள்ள போகணும்ல, அதனால கீழ ஒரு சாண் விட்டுத்தான் கட்டியிருக்கேன்.

யாரும் ஒத்தாசை பண்ணல சார், நானேதான். ஞாயித்துக்கிழமைச் சந்தையில பச்சைமலைப் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் மூங்கில் கொண்டாந்திருந்தாரு, மூணு வாங்கினேன். நாலாவதா ஒண்ணு ஓரமாக் கிடந்துச்சு. கோணலு, அடிக்கு ரெண்டு கணு, கணுவெல்லாம் முண்டு முண்டா. இது ஏணிக்கும் ஆகாது பாடைக்கும் ஆகாது, எடுத்துக்கிட்டுப் போ தாயின்னு சும்மாவே குடுத்துட்டாரு. வீட்டுக்கு வந்து முண்டைச் சீவிடலாம்னு பார்த்தா என் அருவாமணைக்கு அது மசியல. அப்படியே நட்டுட்டேன்.

நட்டதும் சாதாரணமா இல்ல. இந்தக் காலனியில ஒரு முழம் தோண்டினா பாறை. மூணு மூலையிலயும் கடப்பாறை ணங்குனு நிக்குது. கல்லை அண்டக் குடுத்துத்தான் நிறுத்தினேன், அதான் ஆடுதுன்னேன். நாலாவது மூலையில மட்டும் மண்ணு, ரெண்டு அடி இறங்குச்சு. அதுலதான் அந்தக் கோணலை நட்டேன். யானை வந்து முட்டினாலும் அசையாது சார்… ஐயோ, முட்டிப் பார்க்க வேண்டாம், சொன்னதை நம்புங்க!

உள்ள யாரா? என் பையன்தான். இஞ்ஞாசின்னு பேரு, ரெண்டரை வயசு. வீட்டுக்குள்ள அடுப்பு மாதிரி கொதிக்குதுன்னு இங்க நெழல்லதான் பாய் விரிச்சு விட்டிருக்கேன். இல்ல சார், ஆளைப் பார்த்ததும் ஓடி வர்ற பையன் இல்ல அவன். டேய் ராசா, அம்மா இங்கதான் இருக்கேன், பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்! …ம்ங்கறான், கேட்டுச்சா?

அந்த மாவிலைத் தோரணமா? அது ஒரு பெரிய கதை சார்.

அவரு டூட்டிக்குப் போனப்புறம், ஒரே மத்தியானத்துல போட்ட பந்தலு இது. பச்சைக் கீத்து, அப்பத்தான் முடைஞ்சது. கீத்தைக் கட்டி முடிச்சு, முக்காலியிலேர்ந்து இறங்கி, தலையெல்லாம் அவுந்து, மண்ணும் தூசியுமா, மூச்சு வாங்க வாசப்படியில உக்காந்தேன். இப்ப எதிர் வரிசையிலேர்ந்து பார்க்கறவங்களுக்கு என்ன தெரியும்? திடீர்னு ஒரு வீட்டு வாசல்ல பச்சைக் கீத்துப் பந்தலு. வாழை மரமில்ல, தோரணமில்ல. பெத்தவ தலைவிரி கோலமா வாசல்ல உக்காந்திருக்கா. அதுவும் இது எந்த வீடு? போன ஐப்பசியில ஜுரம் கண்டு, பொழைப்பானா மாட்டானான்னு காலனியே பேசின புள்ள இருக்கற வீடு.

சந்திரம்மாள்னு ஒரு அம்மா, நல்ல மனுஷி, எந்த வீட்டுலயும் முதல் ஆளா வந்து நிப்பாங்க. அவங்க நடு ரோட்டுலேர்ந்தே ஆரம்பிச்சுட்டாங்க சார். என் ராசா, உன்னைப் பெத்தவளைத் தவிக்க விட்டுப் போனியாடான்னு மாருல அடிச்சுக்கிட்டு வர்றாங்க. பின்னாடியே நாலு பொம்பளைங்க. எனக்கு ஒண்ணுமே புரியல. யாருக்கு என்னாச்சோன்னு நானும் அழ ஆரம்பிச்சுட்டேன்! என்னைக் கட்டிக்கிட்டு அவங்க அழ, அவங்களைக் கட்டிக்கிட்டு நான் அழ, ரோஜாத் தொட்டி நடுவுல பாயில உக்காந்து இதெல்லாம் பார்த்துக்கிட்டிருந்த இஞ்ஞாசி ரெண்டு கையையும் தட்டி, மறுக்கான்னான் பாருங்க.

மறுக்கா அழணுமாம்!

சந்திரம்மாள் மூஞ்சியை நீங்க பார்த்திருக்கணும். அழுதது நின்னு, அடுத்த நிமிஷம் என்னைத் திட்ட ஆரம்பிச்சாங்க. அறிவு இருக்காடி உனக்கு, பச்சைக் கீத்தைப் போட்டவ ஒரு மாவிலையாவது சொருக வேண்டாமா, நாங்க என்னன்னு நினைக்கறது, அடுப்புல சோத்தை விட்டுட்டு ஓடி வந்தேனேன்னு. அப்புறம் எல்லாரும் உக்காந்து காப்பி குடிச்சுட்டுத்தான் போனாங்க. மறுநாள் அவங்களே தோரணம் கட்டி விட்டாங்க. அவங்க இருந்த வரைக்கும் நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன் சார். போனப்புறம் பையனைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போயி உக்காந்தேன், அவரு வர்ற வரைக்கும் மடியை விட்டு இறக்கல. அத்தனை பேருக்கும் ஒரே நிமிஷத்துல அதுதானே தோணியிருக்கு.

சரி, அதை விடுங்க. பூவு? ஒரு நாள் தவறல சார், இன்னைக்குப் பத்தொம்பதாம் தேதி, நேத்து வரைக்கும் பதினெட்டுப் பூ. இன்னைக்கு… அய்யய்யோ, இன்னைக்குப் பறிக்கவே மறந்துட்டேன்! பாருங்க, மணி பதினொண்ணாகப் போகுது. ஒர்க் ஷாப் சங்கு ஊதினா அவரு சாப்பாட்டுக்கு வந்து நிப்பாரு. சோறு வேற வடிக்கல. போகட்டும், மாதா கோவிச்சுக்க மாட்டாங்க, இன்னைக்குக் கோவிச்சுக்கவே மாட்டாங்க.

சட்டம்னா சட்டம்தான் சார், நான் இல்லைங்கல. ஒரு வீட்டுக்கு விட்டா எல்லா வீட்டுலயும் கேப்பாங்க. கீத்துல தீப்பொறி விழுந்தா வரிசையே போயிடும், அதுவும் சரிதான். பிரிச்சுடறேன். உங்க கண்ணு முன்னாடியே கீத்தை இறக்கறேன். தொட்டியை எல்லாம் முருங்கைக்கு அடியில தள்ளி வெச்சுக்கறேன், பூத்தா பூக்கட்டும். நாலாவது மூங்கிலை விட்டுடுங்கன்னுதான் கேக்கறேன். ஒத்தை மூங்கில் கட்டடம் ஆகுமா? துணி காயப் போடற கம்புன்னு எழுதிக்கங்களேன்.

காரணம் சொல்லித்தான் ஆகணுமா? சொல்றேன். கொஞ்சம் மெதுவா, சத்தம் போடாம, அப்படியே குனிஞ்சு பாருங்க. அந்தச் சாக்குக்குக் கீழ. ஒரு சாண் விட்டிருக்கேன்னேன்ல, அங்க. மூங்கிலு பக்கத்துல. தெரியுதா?

ஆமா, பையனோட பாதம்தான். ரெண்டு பாதமும். அதுல என்னங்கறீங்களா? ஐப்பசி ஜுரத்துக்கு அப்புறம் அந்தப் பாதம் ரெண்டும் தரையில ஊனினதில்ல சார். ஏழு மாசம். பெரியாஸ்பத்திரியில, காலு வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம், சொல்ல முடியாதும்மான்னாங்க. தினம் எண்ணெய் போட்டு உருவி விடுவேன், துணி மாதிரி கிடக்கும்.

இன்னைக்குக் காலையில சாக்குக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டிருந்தேன். அவன் நகர்ந்து நகர்ந்து அந்தக் கோணல் மூங்கில்கிட்டப் போனான். முதல் கணுவுல கையை வெச்சான். அதுக்கு மேல இருக்கற முண்டைப் பிடிச்சான். மண்டி போட்டான். அடுத்த கணு. அதுக்கடுத்த கணு. அம்மா பாருன்னுகூடச் சொல்லல, அவன் பாட்டுக்கு எழுந்திரிச்சு நின்னுட்டான் சார். எனக்குக் கத்தணும் போல இருந்துச்சு. முந்தானையை எடுத்து வாயில அடைச்சுக்கிட்டேன், சத்தம் கேட்டு விழுந்துடுவானோன்னு.

பேச்சை நிறுத்தினா பயந்து உக்காந்துடறான், ரெண்டு தரம் பார்த்துட்டேன். என் குரல் கேட்டுக்கிட்டே இருந்தா நிக்கறான். நீங்க கேட்டைத் திறந்தப்ப மூணாவது தரம் எழுந்திரிச்சான். அப்பலேர்ந்து நின்னுக்கிட்டிருக்கான். அதான் சார் வாயே மூடல நான். இன்னும் யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. உங்ககிட்டத்தான் முதல்ல சொல்றேன்.

பேனாவைக் குடுங்க, கையெழுத்துப் போடறேன். இங்கதானே? அகற்ற வேண்டியது மூங்கில் நாலுன்னு இருக்கு பாருங்க, அதை மூணுன்னு திருத்திடுங்க.

என்ன சார், இன்னும் குனிஞ்சுக்கிட்டே இருக்கீங்க? எழுந்திரிங்க. எனக்குத் தொண்டை வறண்டு போச்சு, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன். அது வரைக்கும் நீங்க கொஞ்சம் பேசிக்கிட்டிருங்களேன். எதுவா இருந்தாலும் சரி. அந்த நோட்டீஸை வேணும்னா படிங்க. அவனுக்குக் கேட்டா போதும்.