தறிக்குப் பசித்தது

காலையில் அக்கரைப்பற்றிலிருந்து வந்த பஸ்ஸில், எனக்கு முன்னால் இரண்டு ஆசிரியைகள் இருந்தார்கள். காரைதீவு தாண்டியதும், மடியில் படப் புத்தகம் வைத்திருந்த இளையவர் சொன்னார்:

"என்ட வகுப்பில ஒரு புள்ள தறிக்குச் சோறு ஊட்டியிருக்கு, டீச்சர்."

"எந்தத் தறிக்கு?"

"மருதமுனையில அந்தப் புள்ளைட வாப்பாட தறிக்கு. புள்ளைட மாமாக்காரர் இப்பதான் பஸ்ஸடியில சொன்னார். இது நானே படம் கீறின புத்தகம். தறிக்குக் கண்ணும் வாயும் வெச்சு, பசிக்குது எண்டு கதைக்க விட்டிருக்கன். நேத்துக் காலையில வாசிச்சுக் காட்டினன். புள்ள போய் நூலெல்லாம் சோத்த அப்பி வெச்சிருக்கு."

மூத்தவர் சிரித்துவிட்டார். "இது சும்மா கற்பனை எண்டு சொல்லல்லியா?"

"சொன்னன். வாப்பா நூலுக்குக் கஞ்சி குடுக்கிறாரே, கஞ்சி குடிக்கிறது சோறு தின்னாதா எண்டு வீட்டில கேட்டிச்சாம். பெருநாளைக்கு நெய்த சாரன் பாழாப் போச்சு. வாப்பா இண்டைக்கு ஸ்கூலுக்கு வாறாராம். நான் என்னத்தச் சொல்ற?"

"பயப்படாதீங்க. அவரோட நான் கதைக்கிறன்."

மூத்தவர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் அவர் கை நின்றது.

"இதென்ன, கிணறா?"

"ஓம். தனிய இருக்கன், விளையாட வாங்க எண்டு புள்ளைகளக் கூப்பிடுது."

"இத மட்டும் வாசிச்சிராதீங்க."

இளையவர் புத்தகத்தைத் திரும்ப வாங்கி மூடினார்.

"நேத்து ஸ்கூல் விடக்குள்ள வாசிச்சிட்டன்."

இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். பஸ் கல்முனைச் சந்தியில் அவசரமில்லாமல் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.