சுவத்தோரக் குளம்

இருங்க மேஸ்திரி, அளவெல்லாம் அப்புறம் எடுக்கலாம். முதல்ல இப்படி நிழல்ல வந்து நின்னு இதுங்களைப் பாருங்க. வெள்ளையில ஆரஞ்சுத் திட்டுத் திட்டா இருக்கே, அதுதான் கோய் மீன். விரலை மெதுவா தண்ணியில வைங்க. ஆங்... உறிஞ்சுதா? பயப்படாதீங்க, கடிக்காது.

சுவர் எப்படி விழுந்துச்சுன்னு கேட்டீங்கல்ல, அதைத்தான் சொல்ல வர்றேன்.

நான் இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்தவ. மூச்சை இழுங்க, அசையாதீங்க, போகலாம். பேச்சு அவ்வளவுதான். ரிட்டயர் ஆனதும் அதுகூட இல்ல. எங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டரோட செஸ் ஆடுறவரு. மீன் வளக்கப் போறேன்னேன். தொட்டி வாங்கிக்கோன்னாரு. தொட்டி இல்லங்க, குளம்னேன். காதுல விழாத மாதிரி குதிரையை நகத்துனாரு. சரி, சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

செடிக்குத் தண்ணி விடுற ஓஸை தரையில வளைச்சு வளைச்சுப் போட்டு, மாடியில நின்னு பார்ப்பேன். ஒரு நாள் பூசணி மாதிரி தெரியும், ஒரு நாள் செருப்பு மாதிரி. கடைசியில அவரைக்காய் மாதிரி வந்துச்சு, குழி வெட்டுறவரைக் கூப்பிட்டு வெட்டுங்கன்னுட்டேன். ஆழம் நாலடி. ஆழம் இல்லைன்னா கொக்குக்கு நாமளே இலை போட்டு வச்ச மாதிரி.

குழி வெட்டி முடிச்ச மூணாம் நாள் நல்ல மழை. மத்தியானம் யாரோ பெருசா தும்முன மாதிரி ஒரு சத்தம். ஓடி வந்து பாக்குறேன், ஏழடிச் சுவர் அப்படியே குழிக்குள்ள குப்புறப் படுத்திருக்கு. அந்தப் பக்கம் ஒருத்தி கையில கரண்டியோட நிக்கிறா.

என் தங்கச்சி. ஆமா, சுவரைத் திரும்பக் கட்ட உங்களை வரச் சொன்னாரே, அவரு சம்சாரம்தான். ஜாடை தெரியலையா?

மூணு வருஷமா பேச்சு இல்ல. அதுக்கு முன்னாடி ரெண்டு வீட்டுக்கும் நடுவுல சுவரே கிடையாது. எங்கம்மா எங்கூடதான் இருந்தாங்க. ஒரு நாள் மூச்சு வாங்குச்சு. தங்கச்சி வேலைக்குப் போயிட்டு வந்து அவ வீட்டுல அப்பதான் கண்ணசந்திருந்தா. ஆஸ்பத்திரியில இருந்தவ இல்லையா நானு, எல்லாம் எனக்குத் தெரியும்னு நினைப்பு. சரியாயிடும், எழுப்ப வேண்டாம்னு விட்டேன். அப்புறம் கூப்பிட்டு, அவ வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. கடைசியா அம்மா என்னைக் கேட்டாங்களான்னு அவ கேட்டா. கேட்டாங்கன்னேன். இல்லைன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த மாசமே சுவர் எழும்பிடுச்சு.

சுவர் விழுந்ததும் அவ பேசின முதல் வார்த்தை என்ன தெரியுமா? இவ்வளவு பெரிய குழி யாருக்கு, எனக்கான்னா. உனக்கு இது பத்தாதுடின்னேன். வெடுக்குன்னு திரும்பிக்கிட்டா. ஆனா தோள் குலுங்குச்சு. அது அழுகை இல்ல மேஸ்திரி, எனக்குத் தெரியாதா?

அப்புறம் ரெண்டு பேருமா செங்கல் பொறுக்கினோம். அடியில மணல், அதுமேல பழைய கம்பளம், அதுமேல ரப்பர் ஷீட். கம்பளம் எங்க வீட்டுக்காரர் ரூம்ல கிடந்தது, காணோம்னு அவரு இன்னும் கண்டுபிடிக்கல. மீன் வந்த அன்னைக்கு, தண்ணிச் சூடு பழகட்டும், வந்த பிளாஸ்டிக் பையோட கொஞ்ச நேரம் மிதக்க விடணும்னு நான், உடனே கொட்டுன்னு அவ. தெருவே கேக்குற மாதிரி சண்டை. அவ்வளவு நல்லா இருந்துச்சு. இப்ப தினம் ரெண்டு வேளை தீனி போட வந்துடுறா.

வேலையா? எப்ப ஆரம்பிக்கிறதுன்னா... உண்மையைச் சொல்லிடுறேன், அவ காதுக்குப் போகக் கூடாது. குழி வெட்டினவரு அன்னைக்கே சொன்னாரு, சுவத்துக்கு அடியில மண்ணு பிடிப்பு இல்லம்மா, நாலடி தள்ளி வெட்டிக்கலாம்னு. ஒட்டியே வெட்டுங்கன்னேன். மழை எந்த வாரம்னு பார்த்துதான் அவரைக் கூப்பிட்டதே. யாரு மேலயும் விழுந்துடக் கூடாதுல்ல, அந்தப் பக்கம் பாம்பு ஓடுச்சு, யாரும் போகாதீங்கன்னு அவ வீட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஏன் சிரிக்கிறீங்க?

யாரு, அவளா? உங்களுக்கா போன் பண்ணினா? அவ வீட்டுக்காரரு இன்னைக்கே வாங்கன்னாரு, இவ மண்ணு ஈரம், ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னாளா?

அடிக் கள்ளி! என்கிட்ட மூச்சு விடல பாருங்க.