பட்டப்பகலில் மூன்று மணி நேரம்

மேடையில் வீற்றிருக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே, சங்க நிர்வாகிகளே, தாயைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மகளே, கடைவீதிப் பெருமக்களே, வணக்கம்.

நான் பேச்சாளன் அல்ல. பக்கத்துக் கடைத் தையல்காரன். நம் வணிகர் சங்கத் தலைவி, நாம் எல்லோரும் ஹார்டுவேர் அக்கா என்று அழைத்த அந்த அம்மையார் போய்விட்டார். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல் எனக்குப் போதவில்லை.

கணவர் இறந்த மறுமாதமே கடையைத் திறந்து, முப்பத்தொரு ஆண்டுகள் தனியாக நடத்தியவர் அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் குழாய் வெடித்தது. அக்கா கடையைத் திறந்து, வால்வைத் தேடியெடுத்து, தானே கொண்டுபோய், பிளம்பர் பொருத்தி முடிக்கும்வரை டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். எந்த ஆன்லைன் கம்பெனி வந்து அப்படி நிற்கும்?

அவருக்கு நாம் என்ன செய்தோம்? எந்தச் சுவருக்கு எந்த ஸ்குரூ என்று அரைமணி நேரம் விசாரித்தோம். போட்டோ எடுத்தோம். அவர் கடை வாசலிலேயே நின்று போனில் ஆர்டர் போட்டோம். வந்த சாமான் பொருந்தாதபோது கூச்சமே இல்லாமல் அவரிடமே தூக்கிக்கொண்டு போனோம். அதையும் சரிசெய்து கொடுத்தார். இவர்களுக்கெல்லாம் ஏன் செய்கிறீர்கள் என்று ஒருநாள் கோபமாகவே கேட்டேன்.

"கடைக்குள்ள வந்தாங்கல்லப்பா, அது போதும்" என்றார்.

அப்படிக் கடைக்குள் ஆள் வருவதையும் நிறுத்தினார்கள். புறவழிச்சாலையில் சூப்பர்மார்க்கெட் வந்தது. ஆறே மாதத்தில் கடைவீதிப் பேருந்து நிறுத்தம் அதன் வாசலுக்குப் போனது. அதை மீட்க இரண்டாயிரம் பேரிடம் கையெழுத்து வாங்கி, முழங்கால் வலியோடு பதினேழு முறை நகராட்சிப் படியேறினார் அக்கா. பதினேழு முறையும், பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

போன சனிக்கிழமை பதினொரு மணிக்கு மகளிடம் போனில் பேசியிருக்கிறார். போனை வைத்த சற்று நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் சரிந்துவிட்டார். கடை திறந்தே கிடந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்குத்தான் ஓர் ஆள் உள்ளே போனார். வாடிக்கையாளர் அல்ல; யாருக்கோ பார்சல் கொண்டுவந்து, முகவரி கேட்க நுழைந்தவர். ஊரின் நடுவே, பட்டப்பகலில், மூன்று மணி நேரம் ஒருவர்கூட அந்த வாசலை மிதிக்கவில்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர்.

பக்கத்துக் கடைக்காரன் நீ எங்கே போனாய் என்று கேளுங்கள். கடையைப் பூட்டிவிட்டு சூப்பர்மார்க்கெட் வரிசையில் நின்றேன். ஒரு பல்பு வாங்க. அங்கே விலை குறைவாம். அதே பல்பு அக்கா கடையிலும் இருந்தது. இதை மறைத்துவிட்டு இங்கே நின்று அழுதால் என்னைவிடப் பெரிய நடிகன் வேறு யார்?

திங்கட்கிழமை மகள் கடையைத் திறக்கிறார். இனி இந்த வீதியில் தனியாகக் கடை பார்ப்பவர் யாரானாலும், பக்கத்துக் கடைக்காரர் மணிக்கொரு தடவை எட்டிப் பார்ப்பார். சங்கம் இன்று காலை எடுத்த முடிவு இது.

பதினெட்டாவது முறை படியேற அக்கா இல்லை. அதனால் மனுவை இங்கேயே கொண்டுவந்துவிட்டேன். தலைவர் அவர்களே, இரங்கல் சொன்னீர்கள், கேட்டுக்கொண்டோம். பேருந்து என்றைக்குத் திரும்பி வரும்? தேதியைச் சொல்லுங்கள். நன்றியும் வணக்கமும் அதற்குப் பிறகு சொல்கிறேன்.