பிஸ்கட் கவர்

— இது என்ன? கையில வாங்கிப் பாருங்க.

— பிஸ்கட் கவர்.

— கோதுமை பிஸ்கட் கவர். உங்க சட்டைப் பையில இருந்து. இதோட மூணு ஆச்சு.

— பசிச்சுது, இன்ஸ்பெக்டரம்மா. ஒரு பாக்கெட்டுக்கு இவ்வளவு விசாரணையா?

— சிரிக்காதீங்க, பத்திக்கிட்டு வருது. சீலியாக், கோதுமை பட்டாலே குடல் புண்ணாகும்னு டாக்டர் சொன்ன அன்னைக்கே சல்லடையில இருந்து கரண்டி வரைக்கும் தூக்கிப் போட்டேன். பிள்ளைங்களுக்குப் பிறந்தநாள் கேக் கூட கிடையாது இந்த வீட்டுல. யாருக்காக?

— எனக்காகத்தான். விடு.

— விடு விடுன்னே வாய அடைக்காதீங்க. நேத்து ஸ்கூல் பஸ்ஸை பெட்ரோல் பங்குல நிறுத்திட்டு கக்கூஸுக்கு ஓடுனீங்களாமே, அத்தனை பிள்ளைங்களையும் உள்ள விட்டுட்டு? பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து சொல்லுது.

— வயிறு கேக்கல.

— எப்படிக் கேக்கும்? ரத்தமாப் போறதை மறைச்சா தெரியாதா? உங்க துணிய அலசுறது நான். இன்னொரு தடவை ஓடுனா வேலைய விட்டே தூக்கிருவாங்க. நாக்கு அவ்வளவு நீளமா உங்களுக்கு?

— சரி, தப்புதான். திட்டி முடிச்சியா?

— என்ன இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கறீங்க? உப்பு கம்மின்னா கூட என்னோட மல்லுக்கட்டுற ஆளாச்சே.

— விடுன்னா விடேன்.

— திருடித் தின்னவன் கவரை அழகா மடிச்சு, துவைக்கப் போடுற சட்டையில வெச்சுட்டு வருவானா? மூணு தடவையும்? என்னைப் பாருங்க. தின்னீங்களா, இல்லையா?

— தின்னல. பஸ் ஷெட்டு நாய்க்குப் போட்டேன்.

— அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?

— நான் ஏமாத்துறேன்னு நினைச்சா திட்டுவ. திட்டிட்டுத் தூங்கிருவ, பயந்து முழிச்சுக் கிடக்க மாட்ட. போன மாசம் ஒரு நாள் லீவு போட்டேன்ல, ஆஸ்பத்திரியில திரும்ப வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பார்க்கத்தான் போனேன். சிறுகுடல் ஆறிடுச்சாம். உன் சமையல்தான் ஆத்துச்சு.

— அப்ப ரத்தம்?

— அது பெருங்குடல்ல இருந்து. வேற நோயாம். என் உடம்பே என் குடலைப் போட்டு அடிக்குதாம். சில பேருக்கு ரெண்டும் சேர்ந்தே வருமாம். இதுக்கு எதை நிறுத்தியும் தீராது, காலம் பூரா மருந்துதான். மாத்திரைய பஸ்ல வெச்சு முழுங்கறேன். அதுக்கும் கேக்கலன்னா குடலை வெட்டணுமாம்.

— பாவி மனுஷா, இதைத் தனியாவா வெச்சுக்கிட்டுத் திரிஞ்ச?

— நீ கத்து. நீ கத்தினாத்தான் எனக்கு தைரியமா இருக்கு.

— எதைச் சொல்லிக் கத்துறது இனி? நீ அந்த பிஸ்கட்டைத் தின்னிருக்கக் கூடாதா?